கைதட்டல்

'சொற்கொண்டல்' இளம்பரிதியின் நூற்றாண்டு விழாவில் ஒலிக்கவிட, அவருடைய பழைய மேடைப்பேச்சு டேப்பைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள் ரெஜினா. பக்கத்தில் அவர் மகன் பொழிலன்.

"கைதட்டல் கம்மியா இருக்கேம்மா. மைதானமே அதிர்ந்துச்சுன்னு அப்பாவே எழுதி வச்சிருக்காரு. கூட்டுங்க."

கூட்டினாள். மைதானம் அதிரவில்லை. தட்டியது இரண்டே பேர். ஒரு கையில் கண்ணாடி வளையல் குலுங்கியது. மற்றது சின்னஞ்சிறு கை.

"இதுக்கு மேல கூட்டினா இரைச்சல்தான் சார் வரும்."

"வரட்டும்."

இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் கிசுகிசுத்தாள்: "தட்டுடா பொழிலா, அப்பா பாக்குறாரு."

அம்மா சாகும்போது பொழிலனுக்கு ஐந்து வயது. அவள் குரல் எதிலும் பதிவாகவில்லை என்றுதான் அறுபது வருடமாக நினைத்திருந்தார். அதற்குள் சொற்கொண்டல் அடுத்த வாக்கியத்தை முழங்கி அவளை மூடினார்.

"அப்பாவைக் குறைக்க முடியுமாம்மா?" என்றார் பொழிலன்.