வரப்புக்கு இந்தப் பக்கம்

பொத்தென்ற சத்தத்தில் காக்கைகள் கலைந்து பறந்தன.

புளியமரத்தடியில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கூலிக்கு ஏறி, கிளையில் நின்று உலுக்கிக்கொண்டிருந்த சென்னப்பனைக் காணவில்லை.

கீழே கிடந்தான்.

வரப்புக்கு அந்தப் பக்கம்.

பாவி, இந்தப் பக்கமாவது விழுந்திருக்கக் கூடாதா?

மரம் வரப்பின் மேல் நிற்கிறது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகு ஊர் கூடிச் சொன்ன தீர்ப்பு அது. இந்தப் பக்கத்துக் கிளை தம்பிக்கு, அந்தப் பக்கத்துக் கிளை அண்ணனுக்கு. மீறிக் கை வைத்தால் மரம் முழுக்க மற்றவருக்கு.

தம்பி பெண்டாட்டி அவள். தன் பக்கத்தை உலுக்கி முடித்தாயிற்று. அந்தப் பக்கம் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. மூத்தவர் வீடே கல்யாணத்துக்குப் போயிருந்தது.

"ரெண்டு கிளைதான், சட்டுனு ஏறு" என்று சென்னப்பனை விரட்டியவளும் அவள்தான்.

வரப்பைத் தாண்டி ஓடினாள்.

மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது.

"இடுப்புல இடி வுழுந்த மாதிரி இருக்குக்கா" என்று முனகினான். "இதுல கால எறும்பு வேற புடுங்குது. தட்டி வுடேன்."

கால்விரல்கள் நெளிந்தன. செவ்வெறும்புகள். தட்டிவிட்டாள்.

ஆட்டாமல் அசைக்காமல் கிடக்கட்டும், ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றுதான் இடுப்பில் செருகியிருந்த செல்போனைத் தொட்டாள்.

அதற்குள் அந்தக் குரல்.

"ஏய்! அவனத் தொடாதடி!"

மாதம்மா. அவளுடைய ஓரகத்தி. கல்யாணத்துக்குப் போனவள் எப்போது திரும்பித் தொலைத்தாளோ! துவரைக்காட்டுக்கு அப்பாலிருந்து, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். காட்டுக்குள் இறங்கியதும் தலை மட்டும் செடிகளுக்கு மேலே தெரிந்தது.

"அப்படியே கெடக்கட்டும்! ஊரு வந்து பாக்கட்டும், திருட்டுச் சிறுக்கி வேலைய! ஒரு இஞ்ச் அசைச்ச, நடக்கறதே வேற!"

வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாள்.

வாழ வந்த நாள் முதல் அந்த வாய் சொன்ன எதையும் அவள் கேட்டதில்லை.

செல்போனை விட்டாள். சென்னப்பனின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தாள். இரண்டு அக்குளிலும் கை கொடுத்தாள்.

"வேணாங்க்கா. உயிரு போவுது."

"வாய மூடு. அவ வர்றா."

இழுத்தாள். தலை தொங்கியது. முதுகு வரப்பில் ஏறியது. இடுப்பு ஏறவில்லை. கல்லில் தட்டி நின்றது.

துவரைச் செடிகள் சரசரத்தன.

குதிகாலை ஊன்றிப் பல்லைக் கடித்து ஒரே வெட்டாக வெட்டி இழுத்தாள்.

அலறினான்.

பாதியில் நின்றது அலறல்.

கால்கள் இரண்டும் மூட்டைபோல் பின்னால் வந்து விழுந்தன. மண்ணில் பதிந்த தடத்தை முந்தானையால் அழித்தாள். மூச்சை அடக்கி, அவன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

மாதம்மா வந்து நின்றாள். தன் பக்கத்து மண்ணைப் பார்த்தாள். பழம் மட்டும் சிதறிக் கிடந்தது. எட்டி, வரப்புக்கு இந்தப் பக்கம் பார்த்தாள். முகம் சுருங்கிப்போயிற்று.

அந்த முகத்தைப் பார்க்க எத்தனை வருஷத் தவம்!

"நல்லாப் பாத்துக்க" என்றாள் இவள். "எம் பக்கத்துக் கிளையில ஏறுனான், எம் பக்கத்துல வுழுந்தான். ஊரக் கூட்டேன். யாரு வேணாங்கறா?"

தூக்கிப் பிடித்திருந்த பட்டுப்புடவையை மாதம்மா கீழே விட்டாள்.

சென்னப்பன் முனகினான். நெற்றி வியர்வையைத் துடைத்துவிடக் குனிந்தவள் கண்ணில் அவன் கால் பட்டது.

விரலிடுக்கெல்லாம் செவ்வெறும்பு மொய்த்துக் கிடந்தது.

அவன் தட்டிவிடச் சொல்லவில்லை.

கழுத்தை மெல்லத் திருப்பி வரப்பைப் பார்த்தான். பிறகு அவளை.

"அக்கா, என் காலு ரெண்டும் இன்னும் அந்தப் பக்கந்தான் கெடக்கா?"