மூன்று பெயரில் ஒரே ரத்தம்

ஊழியர் மீனலோசனியின் தர மேம்பாட்டுத் திட்டம் கிள்ளான் ரத்தப் பரிசோதனைக்கூடத் தலைவர் கிளாரன்ஸைப் பயமுறுத்தியது. ஒரே ஆளின் ரத்தத்தை மூன்று பெயர்களில் அனுப்பி, முடிவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டுமாம்.

“மாறி வந்தா நம்ம மானம் போயிடும்லா, மீனா.”

“தப்பு இருந்தா தெரியணும், சார்.” அவள் பிடிவாதமாக நின்றாள்.

ஆய்வுக்கூட ஊழியர் மூன்று பேர் தனித்தனியே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். மூவருமே ரத்தப் புற்றுநோய் என்று எழுதியிருந்ததும் கிளாரன்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பாஸ் பண்ணிட்டோம்! நம்ம லேப்புல தப்பே இல்ல!”

மீனலோசனி மூன்று அறிக்கைகளையும் மறுபடி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“என்னம்மா, சந்தோஷமில்லையா? யாரோட ரத்தம் அது?”

“என் மகளோடது, சார். போன வாரம் நம்ம லேப்புல குடுத்த ரிசல்ட் தப்பா இருக்கும்னு நம்பிக்கிட்டு இருந்தேன்.”