கத்தியில்லா வைத்தியம்

“குண்டனைத் தர மாட்டேன், டாக்டர்.” மூன்று மாதமாக அவனுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொண்ட பணிப்பெண், கதவை மறித்து நின்றாள்.

“பிடிவாதம் பண்ணாதீங்கக்கா. எல்லாம் தயாரா இருக்கு.”

“ஈரல்ல கொழுப்பு சேர்ந்தவங்களுக்கு இரைப்பையை அறுத்துச் சின்னதாக்குறாங்க. அந்தக் கத்தியே வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத துகள்ல மருந்தை ஏத்தி நேரா ஈரலுக்கே அனுப்பிடலாம்னு சொன்னது யாரு?”

“நான்தான்.”

“ஊசி போட்டீங்க. அவனும் வாங்கிக்கிட்டான். இப்ப உடம்பு பாதியா இளைச்சு, துறுதுறுன்னு ஓடறான். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துட்டு நீங்களே துள்ளிக் குதிச்சீங்க.”

“ரத்தம் மட்டும் போதாதுக்கா. ஈரலை வெளியே எடுத்துப் பார்த்தாத்தான் மருந்து வேலை செஞ்சுதுன்னு நம்புவாங்க.”

“கத்தி வேண்டாம்னு காட்டறதுக்கே கத்தியா? நல்லா இருக்கு உங்க நியாயம்! அறுத்த பிறகு அவன் பிழைப்பானா?”

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். “மத்தவங்களை எல்லாம் நீங்கதானேக்கா அனுப்பி வெச்சீங்க?”

“அதை நினைச்சா இன்னும் எனக்குச் சோறு இறங்கலை. வேலையை விட்டே தூக்குங்க, இவனைத் தொட விடமாட்டேன்.”

டாக்டர் அவளைத் தாண்டி உள்ளே போனார். ‘குண்டன்’ என்று அவள் சீட்டு ஒட்டியிருந்த எலிக்கூண்டு காலியாக இருந்தது. திரும்பிப் பார்த்தார். அவளுடைய மேலங்கிப் பையிலிருந்து ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது.

“கூண்டைத் திறந்துக்கிட்டு ஓடிட்டான்னு எழுதிக்குங்க, டாக்டர்” என்றாள். “அப்படி ஓடற அளவுக்குக் குணமாயிட்டான்னும் சேர்த்து எழுதுங்க.”