எடை குறைந்த பெருமை

2024 நவம்பர் 18, திங்கட்கிழமை. விடியற்காலை முதல் தூறல். கள்ளக்குறிச்சியில் ஒரு டயாலிசிஸ் கூடத்தின் எடை இயந்திரத்தின்மீது வேலாயுதம் நிற்கிறார். குழல்விளக்கின் வெளிச்சத்தில் முள் நாற்பத்தாறில் நடுங்குகிறது. எடை குறைந்தால் உடலில் நீர் குறைந்தது என்பதே இங்குள்ள நம்பிக்கை. "இன்னும் ரெண்டு கிலோ கம்மி," என்று மனைவி அஞ்சலை பூரிக்கிறாள். "தண்ணிச் சொம்பையே பூட்டி வெச்சிட்டா இவ," என்று சிரிக்க முயன்று, அவர் துண்டுக்குள் இருமுகிறார். மூன்று மாதங்களாக இக்கூடம் அவளைப் பாராட்டியே வந்திருக்கிறது. செவிலியர் சளிப் பரிசோதனை முடிவுடன் வருகிறார். "கொறஞ்சது தண்ணி இல்லக்கா, சதை. டிபி. கிட்னி போனவங்கள இது சீக்கிரமா புடிச்சிக்கும். நாங்களும் கவனிக்கல." அஞ்சலை முள்ளையே பார்க்கிறாள். "தாகம்னு கேட்டப்பவாவது குடுத்திருப்பனே," என்கிறாள். அவளுடைய பெருமை காலை ஒன்பது மணி பதினேழு நிமிடத்துக்கு முடிகிறது.