இடது கால் சாக்ஸ்

வேலையை விட்டுவிட்டு கிராமத்து வீட்டுக்கு வந்ததும் டீச்சர் செய்த முதல் காரியம், பாதியில் கிடந்த பின்னல்களை எல்லாம் தூசி தட்டி எடுத்ததுதான். முதலில் முடிந்தது ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ். அதைப் பக்கத்து வீட்டுத் தபால்காரருக்குக் கொடுத்தாள். ரிட்டயரான மனிதர், எப்போது பார்த்தாலும் இடுப்பு வரை போர்வையை இழுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்.

ஒரே வாரத்தில் இடது சாக்ஸைத் திருப்பி நீட்டினார். குதிகாலில் பெரிய ஓட்டை. அடியெல்லாம் ஈர மண்.

"என்ன அண்ணே, கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டு அலையறீங்களா?"

"நான் எங்க டீச்சரம்மா அலையறேன்? காலமெல்லாம் தபால் சுமந்த காலு. சொன்னாக் கேக்குதா?"

டீச்சர் சிரித்துவிட்டாள். "வலதையும் கொடுங்க, சேர்த்தே தைச்சுடறேன்."

"அது புதுசு மாதிரியே இருக்கு. பாருங்களேன்."

போர்வையை விலக்கினார். வலது காலில் சாக்ஸ் அழுக்குப் படாமல் இருந்தது. இடது பக்கம், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

டீச்சர் கையிலிருந்த சாக்ஸைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த ஈர மண்ணைப் பார்த்தாள்.

"கால் மேல லாரி ஏறினப்பவே எடுத்துட்டாங்க," என்றார் அவர், சாதாரணமாக. "தைச்சு முடிச்சா இங்க கொண்டுவர வேண்டாம். உங்க வாசப்படியிலேயே வச்சிடுங்க. அதுவே வந்து எடுத்துக்கும்."