இலேசான வண்டி

மாலை வெயில் எதிரே உள்ள செம்பாறைக் குன்றில் பட்டுத் திரும்பி, விற்பனைக்கு நிற்கும் வண்டியின் அலுமினியக் கூட்டைச் செம்பாக்கிக் காட்டுகிறது. பிக்கப் லாரியின் முதுகில் இந்தப் படுக்கையறையை அதன் சொந்தக்காரர் வெர்ல் தன் கையாலேயே கட்டியிருக்கிறார். பாதையே இல்லாத பள்ளத்தாக்குகளிலும் மணலில் புதையாமல் போய்வர வேண்டுமென்று, கண்ணில் பட்ட எல்லாவற்றையும் துளைத்தும் அறுத்தும் எடையைக் குறைத்திருக்கிறார். வாங்க வந்த கீட்டன் ஒரு கரண்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறான். காம்பு முழுக்கத் துளைகள். "இது என்ன சார், புல்லாங்குழலா?" "சிரிக்காதப்பா. மணல்ல மாட்டினாத் தெரியும். இந்த வண்டியில ஒரு ஆணிகூட தண்டத்துக்கு இல்ல," என்கிறார் வெர்ல். "அப்படியும் பாரு, எடைமேடையில ஏத்துறப்பல்லாம் கொஞ்சம் கூடத்தான் காட்டும். ஏன்னு இன்னிக்கு வரைக்கும் பிடிபடல." நிழலில் மடக்கு நாற்காலி போட்டு, அவர் மனைவி லாரூ பீச் பழங்களைத் தோல் சீவிக்கொண்டிருக்கிறார். கத்தி ஒரே சீராக ஓடுகிறது. கீட்டன் படுக்கையில் ஏறி நீட்டி நிமிர்ந்து பார்க்கிறான். அவன் தலை இடித்ததில் தலைமாட்டுப் பலகை பெயர்ந்து விழுகிறது. அதன் பின்னால் ஒரு கம்பளிக் காலுறை கனத்துத் தொங்குகிறது. கவிழ்த்தால், மெத்தை முழுக்க ஆற்றுக் கூழாங்கற்கள். சிவப்பு, சாம்பல், பாசிப் பச்சை. வெர்ல் ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் ஏற்றி இறக்கிப் பார்க்கிறார். "லாரூ, இது எப்போலேர்ந்து?" கையிலிருக்கும் பழத்திலிருந்து கண்ணை எடுக்காமலே லாரூ சொல்கிறார்: "நீ என் சீப்போட பிடியை அறுத்தியே, அன்னிலேர்ந்து."