சாம்பல் அட்டை

பெண் பார்க்கும் வீடியோவை எந்த ஃபார்மேட்டுக்கு மாற்றினாலும் நிறச் சான்றிதழ் கட்டாயம் என்றாகி ஆறு வருடமாகிறது. முகத்துக்குப் பக்கத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். மாற்றிய பிறகும் அட்டை அதே சாம்பலாக இருந்தால், முகமும் உள்ளபடியே இருக்கிறது என்று அர்த்தம்.

பரிசோதனை நிலையத்துக்கு மகன் கபிலனோடு வந்திருந்தார் திலகவதி.

"எங்களுக்கு நிறமெல்லாம் முக்கியமில்லை மேடம். துல்லியம்தான் முக்கியம்."

பரிசோதகர் எஸ்தர் பெண்ணின் வீடியோவை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். "விலகல் பூஜ்யம். பொண்ணு மாநிறம், வீடியோவிலும் மாநிறம்தான்."

"நல்லாப் பாருங்க. ஒரு மூணு புள்ளியாவது கூட்டியிருப்பாங்க."

"எனக்குப் பிடிச்சிருக்கும்மா, விடு," என்றான் கபிலன். அந்த வீடியோவை அவன் நாற்பது தடவை பார்த்திருந்தான்.

"சரி, மாநிறம்தானே. போனாப் போகுது, சம்மதம்னு சொல்லிடலாம்," என்றார் திலகவதி பெருந்தன்மையாக.

எஸ்தர் திரையைத் திருப்பிக் காட்டினாள். "உங்க பையன் வீடியோவைப் பொண்ணு வீட்டுக்காரங்க காலையிலேயே பரிசோதனைக்குக் கொடுத்துட்டாங்க. விலகல் பத்தொன்பது. அட்டை பால் மாதிரி இருக்கு. நிஜ நிறத்தோட வந்தா பேசலாம்னு எழுதியிருக்காங்க."

"அட்டைக்கும் சேர்த்தா நிறம் கூட்டினே?" என்றான் கபிலன்.

"முகத்துக்கு மட்டும் கூட்டினா தனியாத் தெரிஞ்சுதுடா."

கபிலன் எஸ்தரிடம் புது அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு அங்கேயே கேமரா முன் உட்கார்ந்தான். திலகவதி கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தார். இந்த முறை அட்டையில் படாமல் பார்த்துக்கொண்டார்.